நாலு மூலையிலும் மண்டியிட்ட காலம்

6,000 பவுண்டு எடையுள்ள டிராவல் ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி முகாமில் விட்ட பிறகும் அது முழுதாக நின்றுவிடுவதில்லை. இரண்டு ஆக்சில், அவற்றின் மேல் ஸ்பிரிங் பட்டைகள், கீழே காற்றடைத்த டயர்கள் என்று அதன் உட்காருமிடமே இளக்கமானது. நெடுஞ்சாலையின் குண்டு குழிகளைத் தாங்குவதற்காக வைத்த அந்த இளக்கம், வண்டி நின்றதும் தொல்லையாக மாறும். குழந்தை கட்டிலில் புரண்டால் அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும். நள்ளிரவில் ஒருவர் எழுந்து நடந்தால் மொத்தக் குடும்பமும் விழித்துக்கொள்ளும். இந்த ஆட்டத்தை அடக்குவதற்காக வண்டியின் நான்கு மூலைகளிலும் தரையைத் தொட்டு நிற்பவைதான் ஸ்டெபிலைசர் ஜாக்கிகள்.

மிச்சிகனில் எங்கள் நண்பர் வட்டத்தில் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் கூடினால் படுக்கை வசதி, ஏசி, சோலார் தகடு என்று பேச்சு நீளும். இந்த நான்கு இரும்புக் கால்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு வண்டியிலேயே அவற்றின் மீதுதான் பிரியம் அதிகம்.

நாங்கள் முதலில் வாங்கிய பழைய வண்டியின் சேஸில் ஜாக்கி எதுவும் பொருத்தியிருக்கவில்லை. கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் நான்கு அலுமினியத் தாங்கிகள், அகன்ற அடி, குறுகிய தலை, தலையில் ஒரு திருகு. ஒவ்வொன்றையும் எடுத்துப் போய் மூலையில் வைத்து, சேஸைத் தொடும்வரை திருகை உயர்த்த வேண்டும். அதற்கும் முன்னால் வண்டியை மட்டம் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றுவேன். மனைவி உள்ளே தரையில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக “இன்னும் ஒரு பலகை வேணுங்க” என்பாள். பக்கவாட்டு மட்டம் சரியானதும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. அதற்குப் பிறகுதான் காரைக் கழற்றலாம். முன்மூக்கில் உள்ள பெரிய ஜாக்கியை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம் பிடிப்பேன். கடைசியில்தான் நான்கு மூலைத் தாங்கிகளின் முறை வரும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. கட்டை போடாமல் காரோடு இணைக்கும் ஹிட்சைக் கழற்றினால் வண்டி சரிவில் தன்பாட்டுக்குப் போய்விடும்.

அந்த நாளில் மட்டத்துக்கு இவ்வளவு பாடுபட்டதற்குக் குளிர்சாதனப் பெட்டியும் ஒரு காரணம். பழைய ட்ரெய்லர்களில் இருந்தது அம்மோனியாவில் ஓடும் வகை. அதில் கம்ப்ரசர் கிடையாது. கேஸ் சுடரோ மின்சூடோ திரவத்தைக் கொதிக்கவைக்கும், அது தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்திருந்தால் திரவம் ஓரிடத்தில் தேங்கிக் கொதிகலன் பகுதி அளவுக்கு மேல் சூடாகும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ரசாயனம் கெட்டிப்பட்டு உள்ளே அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் மொத்தக் குளிரூட்டும் தொகுதியையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரிக்கு மேல் சாய்வு ஆகாது என்பார்கள். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் கம்ப்ரசர் வகை. அதற்குச் சாய்வு பெரிய பொருட்டில்லை. மட்டம் பார்க்கும் கவனம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மிச்சிகனுக்கும் ட்ரெய்லருக்கும் பழைய உறவு உண்டு. டெட்ராய்ட்டில் நுண்ணுயிரியல் நிபுணராக இருந்த ஆர்தர் ஷெர்மன், விரித்தால் கூடாரமாகும் ஒரு ட்ரெய்லரை வாங்கி, அதை எளிதாக விரிக்க முடியாமல் குடும்பத்தோடு மழையில் தவித்தார். அதனால் கெட்டியான சுவர் கொண்ட பெட்டி வண்டி ஒன்றைத் தாமே வடிவமைத்து 1930 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் வைத்தார். ‘கவர்ட் வேகன்’ என்ற பெயரில் அவர் தொடங்கிய கம்பெனி, மவுண்ட் கிளெமன்ஸில் தொழிற்சாலை கட்டி, அந்தப் பத்தாண்டின் நடுவில் நாட்டின் மிகப் பெரிய ட்ரெய்லர் கம்பெனியாக வளர்ந்தது. 1954இல் லூசில் பால் நடித்த ‘தி லாங், லாங் ட்ரெய்லர்’ படத்தில் கதாநாயகனைப் போல வருகிற 36 அடி நீள ‘நியூ மூன்’ வண்டியும் எங்கள் மாநிலத்து ஆல்மா ஊர்க் கம்பெனியுடையதுதான். புதுமணத் தம்பதியின் வண்டி சேற்றில் புதைந்து ஒருபக்கம் சாய்ந்து கிடக்க, சாய்ந்த கட்டிலில் அவர்கள் தூங்கப் பார்க்கும் காட்சி அதில் உண்டு. தியேட்டரில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். முகாமில் மழை பெய்த ராத்திரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்பைவிடப் பதைப்புதான் அதிகம் வரும். பாரம் கீழே எதன் மேல் இருக்கிறது என்பதே அங்கே கேள்வி.

மண்ணைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது லடிங்டன் மாநிலப் பூங்கா. மிச்சிகன் ஏரிக் கரையில் மணல் குன்றுகளுக்கு நடுவே அமைந்த முகாம் அது. மணலில் ஜாக்கியின் சிறிய பாதம் நேராக இறங்கும். மாலையில் இறுக்கி வைத்தால் காலையில் தளர்ந்திருக்கும். கோடை வெயிலில் தார்த்தளமும் அப்படித்தான், பாதம் தாரில் பள்ளம் பதித்துவிடும். அதனால் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே அகலப் பலகை வேண்டும். இரண்டுக்குப் பத்து அளவுப் பலகையை ஒரு அடி நீளத் துண்டுகளாக அறுத்து வைத்துக்கொண்டால் போதும். அடுக்கிக் கொள்ளும் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள் கடையில் கிடைக்கின்றன, நல்லவைதான். ஆனால் மணலில் மரப்பலகைக்கு ஈடாக நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை. எங்கே நின்றாலும் சில மணி நேரம் கழித்து, மண் அமர்ந்த பிறகு, நான்கையும் இன்னொரு முறை பார்த்து இறுக்கிவிட வேண்டும்.

இப்படி மூலைக்கு மூலை மண்டியிட்டுக் கொண்டிருந்தால் பக்கத்து இடத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார். “பலகை வேண்டுமா?” என்று கேட்டபடி வந்துவிடுவார். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்து, மூலைக்கு மூலை குறுக்காக இறுக்கச் சொல்லிக் கொடுத்தார். முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் சேஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கியதற்கு அடையாளம் வாசல் கதவு. திறந்து மூடும்போது கதவு சிக்கினால், எங்கோ ஒரு மூலை அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வண்டியில் கத்தரி ஜாக்கிகள் சேஸோடே பொருத்தப்பட்டிருந்தன. நான்கு இரும்புப் பட்டைகள் சேர்ந்த சாய்சதுரம், நடுவே கிடையாக ஒரு திருகுத் தண்டு. தண்டைச் சுழற்றினால் சதுரம் ஒடுங்கி உயரும். தண்டின் முனை முக்கால் அங்குல அறுகோணம். நீளக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். 24 அங்குலம் உயரும் வகைக்கு 5,000 பவுண்டு தாங்கும் என்று போட்டிருந்தது. அந்த எண்தான் பலரைத் தவறான வழிக்கு இழுக்கிறது.

அப்பா திருநெல்வேலியில் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கோடையில் எங்களோடு தங்க வந்தபோது, வடக்கே மேக்கினா பாலத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். 1957இல் திறந்த, எட்டுக் கிலோமீட்டர் நீளத் தொங்குபாலம் கண்முன்னே நிற்க, அவர் வண்டிக்குக் கீழே குனிந்து ஜாக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன டன்னுல இது?”

“அஞ்சாயிரம் பவுண்டுப்பா. ரெண்டே கால் டன் வரும்.”

“அப்ப ரெண்டு ஜாக்கியில பொட்டியவே தூக்கிரலாமே?”

“தூக்கக் கூடாதுப்பா. பாரம் பூரா சக்கரத்துலதான் இருக்கணும். இது ஆட்டத்த மட்டும் பிடிச்சுக்கிடும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்பச் சரி. கட்டை மாதிரின்னு சொல்லு. டிப்போவுல ஜாக்கி தூக்கும், கட்டைதான் தாங்கும். ஜாக்கிய நம்பி எவனும் வண்டிக்கடியில போவ மாட்டான்.”

“மாமா, வேட்டியெல்லாம் மண்ணு. எந்திரிங்க” என்று மனைவி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பின்பக்க ஜாக்கியின் நான்கு போல்ட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த ஒண்ணு இளகியிருக்குல, ஸ்பானர எடு” என்றார்.

ட்ரெய்லரின் சேஸ், ஆக்சில்களின் மேல் உட்காருவதற்காகச் செய்தது. அதன் முனைகளைப் பிடித்து முழு எடையையும் தூக்கினால் இரும்பு வளையும், மேலே சுவரும் ஜன்னல் ரப்பரும் விட்டுக்கொடுக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிட்டால் வண்டி முன்பின் நகராமல் பிடித்திருந்த பிடியும் போய்விடும். தானாக மட்டம் பார்க்கும் கனரக ஜாக்கிகள் தனி. அவை தூக்குவதற்கென்றே செய்தவை, சேஸும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சாதாரண ஸ்டெபிலைசருக்குத் தரையைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வேலை முடிந்தது.

கத்தரி ஜாக்கியின் கணக்கு அழகானது. சாய்சதுரம் தட்டையாகக் கிடக்கும்போது திருகுத் தண்டின் மேல் இழுவை மிக அதிகம், சுற்றவும் கடினம். உயர உயரச் சுற்றுவது லேசாகும், ஆனால் கால் நீண்டு ஆடத் தொடங்கும். மூட்டுப் பின்களுக்கும் அவற்றின் துளைகளுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். நீண்ட காலின் நுனியில் அது பெரிய ஆட்டமாகிவிடும். ஆகவே கீழே போடும் கட்டையின் உயரத்தைப் பார்த்துத் தேர்ந்து, ஜாக்கி பாதியளவு விரிந்த நிலையில் நிற்கும்படி வைப்பதுதான் உத்தமம். புது ஜாக்கி வாங்குகிறவர்கள் முதலில் சேஸிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை அளக்க வேண்டும், பவுண்டுக் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம். மடங்கிய நிலையில் ஜாக்கி எவ்வளவு கீழே தொங்கும் என்பதும் முக்கியம். பெட்ரோல் பங்க் வாசலின் ஏற்றத்தில் வண்டி ஏறும்போது முதலில் தரையில் உரசுவது பின்பக்க ஜாக்கிதான்.

இப்போது எங்கள் வண்டியில் இருப்பவை மின்ஜாக்கிகள். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, இரண்டையும் 12 வோல்ட் மோட்டார்கள் இயக்குகின்றன. கதவருகே பொத்தான். அழுத்தினால் கால்கள் விரிந்து இறங்குகின்றன, மழைக்கோட்டு அணியாமலே வேலை முடிகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மனைவிக்கு மூட்டுவலி வந்த பிறகு, அவள் தனியாகவே வண்டியை நிறுத்தி வைக்க முடிகிறது என்றால் அதற்கு இந்தப் பொத்தான்தான் காரணம். முதுகுவலிக்காரர்கள், வயதானவர்கள், கை வலுவில்லாதவர்கள் எத்தனையோ பேரை முகாமுக்குத் திரும்ப அழைத்து வந்திருக்கிறது.

ஆனால் மோட்டார் கையின் வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. வண்டி முன்பைவிட அசையாமல் நிற்கிறதா என்றால், இல்லை. ஒரு முனைக்கு இரண்டு கால், அவற்றுக்கு இடையே குறுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை என்ற நிலை அப்படியே இருக்கிறது. மேலும் கீழும் குதிப்பது குறைகிறது. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் தள்ளாடுவது மிஞ்சுகிறது. பொத்தானுக்குக் கொடுத்த காசில் சிறு பங்குக்கு வாங்கிய இரண்டு பொருள்கள்தான் எங்கள் வண்டியை உண்மையில் நிறுத்தின. ஒன்று, இரட்டை ஆக்சிலின் இரண்டு டயர்களுக்கு நடுவே செருகி விரிக்கும் சக்கரப் பூட்டு. டயர் உருளவே முடியாதபடி செய்துவிடும். இன்னொன்று, ஜாக்கியின் பாதத்திலிருந்து சேஸுக்குச் சாய்வாகப் போகும் இரும்புக் குழாய். குழாய் பொருத்தியதும் காலும் சேஸும் குழாயும் ஒரு முக்கோணமாகின்றன. நாற்கரத்தைத் தள்ளினால் சரியும், முக்கோணம் சரியாது. எட்டாம் வகுப்பு வடிவியல்தான். அதைப் பொருத்திய அன்று ராத்திரி மகள் படுக்கையிலிருந்து குதித்து இறங்கியும் மேசைமேல் இருந்த தண்ணீர் தளும்பவில்லை.

மேம்படுத்தப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். உடம்புக்கு முடியவில்லையென்றால் மின்ஜாக்கி போடுங்கள், தயங்க வேண்டாம். ஆட்டம்தான் பிரச்சினை என்றால் அந்தக் காசைக் குறுக்குக் குழாயில் போடுங்கள்.

பொத்தானால் போன இன்னொன்று என்னை உறுத்துகிறது. கையால் சுற்றிய காலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு மூலையிலும் மண்டியிட்டோம். கண் தானாகவே டயரின் பக்கச்சுவரைப் பார்க்கும், ஸ்பிரிங் பட்டையின் விரிசலைப் பார்க்கும், கழிவுநீர்க் குழாயின் தாங்கி தொங்குவதைப் பார்க்கும். திருகு சுற்றும்போது கை ஒரு செய்தி சொல்லும்: இந்த மூலை நேற்றைவிடக் கனமாகச் சுற்றுகிறது, மரையில் மண் ஏறியிருக்கிறது. முன்பு பராமரிப்பு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கத் தேவையே இருக்கவில்லை. முழங்கால் மண்ணில் பட்டபோதெல்லாம் அது நடந்துகொண்டிருந்தது. மோட்டாருக்குக் கையின் அந்த உணர்வு கிடையாது. துருப்பிடித்த மரையையும் அதே சத்தத்தோடு சுற்றும், ஃபியூஸ் போகிற வரை.

துரு எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் ஓடுகிறது. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பு, ஏப்ரல் வரை ஓரங்களில் கிடக்கும். பின்பக்க ஜாக்கிகள் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் டயர் வாரியிறைக்கும் உப்புநீர் முழுவதும் அவற்றின் மேல்தான். அதனால் முன்ஜோடி புதிதாக இருக்கையிலேயே பின்ஜோடி செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

வசந்தம் வந்ததும் நான் செய்வது: ஜாக்கிகளை முழுதாக இறக்கி, குழாய்த் தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிடுவேன். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய பிசுக்கைத் துணியால் துடைத்து எடுப்பேன். பிறகு உலர் மசகு, அதாவது பி.டி.எஃப்.ஈ. அல்லது கிராஃபைட் கலந்த ஸ்பிரே. அடித்துச் சில நிமிடத்தில் ஈரம் ஆவியாகி, வழுவழுப்பான படலம் மட்டும் நிற்கும். சாதாரண கிரீஸ் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். திறந்தவெளியில் ஓடும் மரையில் கிரீஸ் பூசினால் அது சாலையின் மணலையெல்லாம் பிடித்துவைத்து, உப்புத்தாள் மாதிரி மரையைத் தேய்த்துவிடும். திருகுத் தண்டின் தலையருகே உள்ள வாஷருக்கும், மூட்டுப் பின்களுக்கும் ஒவ்வொரு சொட்டு. ஜாக்கியை முழுக்க ஏற்றி இறக்கி மசகு பரவச் செய்வேன். கடைசியாகப் போல்ட்டுகளும் வெல்டிங் ஓரங்களும். வெல்டிங்கின் ஓரத்தில் பெயின்ட் கோடாகப் பிளந்திருந்தால் அடியில் இரும்பும் பிளந்திருக்கக்கூடும். மின்ஜாக்கி என்றால் எர்த் ஒயர் சேஸோடு சேரும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். மோட்டார் திணறுவதற்குப் பாதிக் காரணம் அந்த இடத்துத் துருதான்.

கத்தரி ஜாக்கி வைத்திருப்பவர்கள் இப்போது கைப்பிடிக்குப் பதிலாகப் பேட்டரி டிரில்லில் முக்கால் அங்குல சாக்கெட் மாட்டிச் சுற்றுகிறார்கள். நல்ல யோசனை. அதில் கிளட்ச்சைக் குறைந்த எண்ணில் வைத்தால் தரையைத் தொட்டதும் டிரில் தானே நழுவி நின்றுவிடும், மணிக்கட்டும் பிழைக்கும். இம்பாக்ட் டிரைவரைக் கொண்டு தடதடவென்று அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அதன் ஒவ்வொரு அடியும் மரையில் விழுகிறது. எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாமலே சேஸை முறுக்கியும் விடும்.

பேட்டரி செத்துப்போனால் மின்ஜாக்கியையும் கையால் சுற்றத்தான் வேண்டும். மோட்டாரின் பக்கத்தில் அதற்கென்று அறுகோண முனை வைத்திருக்கிறார்கள். பழைய கைப்பிடி அதில் சேரவில்லையென்றால் சரியான சாக்கெட் ஒன்றை இப்போதே வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். போர்க்யுபைன் மலைப் பூங்காவில், சுப்பீரியர் ஏரிக் காற்றில், இருட்டில் அதைத் தேடிக் கொண்டிருக்க முடியாது.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. பொத்தானை அழுத்துவது அவள் வேலை. அழுத்திய பிறகு நான்கு மூலைக்கும் போய்க் குனிந்து, கால் பலகையின் நடுவில் நிற்கிறதா, டயரில் வெடிப்பு உண்டா, பட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வதும் அவள் வேலைதான். முதலில் முணுமுணுத்தாள். போன கோடையில் அவள்தான் ஒரு டயரின் உட்புறச் சுவரில் வீக்கத்தைக் கண்டுபிடித்தாள். நின்றபடி சுற்றி வந்த எங்கள் கண்ணில் அது பட்டிருக்காது. அடுத்த நாளே டயரை மாற்றினோம். அதன் பிறகு முணுமுணுப்பு இல்லை. இந்த ஏப்ரலில் பின்பக்க மோட்டாரின் எர்த் ஒயரை அவளே கழற்றித் தேய்த்து மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். கம்பி பிரஷ் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.